பிறை தெரியும் வரை கோழி இருக்கட்டும்

இந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் உங்கள் மேசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தப் பண்ணையில் இன்று காலை எத்தனை முட்டை, எந்தக் கொட்டகையில் எவ்வளவு தீவனம் என்று எல்லாம் திரையிலேயே ஓடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்குக் கொடுத்தது ஒரு கட்டு வரைபடத் தாளும் நான்கு கலர் பென்சிலும். கருவி மாறிவிட்டது, சந்தோஷம். ஆனால் கணக்கு ஒரு பக்கம் இழுக்க, கூட இருப்பவரின் மனசு இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் நின்று முடிவு சொல்ல வேண்டிய நேரம் உங்களுக்கும் வரும். வந்துவிட்டால் தப்ப முடியாது. அப்படி ஒரு பங்குனி, சித்திரையில் நாங்கள் பட்ட பாட்டையும் அதில் ஜெயித்த விதத்தையும் சொல்கிறேன்.

நான் சேலத்துக்காரி. கோட்டைப் பக்கம் வீடு. புள்ளியியல் படித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார நிறுவனத்தில் சேர்ந்தேன். சுற்றுவட்டாரத்தில் சுமார் நாற்பது பண்ணைக் குடும்பங்களின் முட்டையை வாங்கி, லாரி ஏற்றி, கேரளத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். முதலாளி செல்லமுத்து. லாரி ஓட்டி, லாரி வாங்கி, அதிலிருந்து கோழிக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். ஊரே அவரை அண்ணன் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ‘அம்மிணி’ என்பார்.

கணக்குப் பார்க்க ஒரு பெண்ணை வைத்திருக்கிறார் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அவருக்கே என் வேலை மேல் முதலில் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பிக்கை வந்தது ஒரு டிரைவரால். அந்த டிரைவர் கொண்டுபோகும் லோடில் மட்டும் முட்டை அதிகமாக உடைந்தது. அண்ணன் அவரை நிறுத்திவிட முடிவு செய்துவிட்டார். "அவன் பிரேக் அடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும் அம்மிணி. நானும் ஸ்டியரிங் புடிச்சவன்தான். இதுக்கெல்லாம் கணக்கு வேண்டாம்" என்றார்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். டிரைவர் வாரியாகப் பிரித்திருந்த கணக்கைப் பண்ணை வாரியாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பண்ணையின் முட்டை யார் ஓட்டினாலும் உடைந்தது. அந்த டிரைவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு என்பதால் அந்தப் பண்ணை லோடு பெரும்பாலும் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், தீவனத்தில் கிளிஞ்சல் கலப்பதைக் குறைத்துவிட்டார்கள். முட்டை ஓடு காகிதம் போல இருந்தது. அண்ணன் டிரைவரை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "தப்பு என்ற மேல தாம்ப்பா" என்றார். அன்றிலிருந்து என் தாள்களுக்கு ஒரு மரியாதை வந்தது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், கணக்குதான் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். எனக்கும் சில வருஷம் அந்த நினைப்பு இருந்தது. அதனால்தான் அடுத்த விஷயம்.

எண்பதுகளின் பிற்பகுதி. பங்குனி வெயில் அந்த ஆண்டு சீக்கிரமே ஏறிவிட்டது. கோடையில் முட்டை சூடு என்று ஜனங்கள் குறைத்துக்கொள்வார்கள், விலை விழும். தீவனமோ கோழி முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் தின்றே தீரும். அதனால் பங்குனி முடிவில் பெங்களூரிலிருந்து கறிக்காரர்கள் லாரியோடு வந்து இறங்குவார்கள். பண்ணைக்காரர்கள் பாதிக் கோழியைக் கறிக்குக் கொடுத்துவிட்டு, கோடை கழிந்து புதுக் கோழி வைப்பார்கள். வருஷா வருஷம் நடப்பது இது.

என் கணக்கும் அதையே சொன்னது. கேரளத்துக்கு நாங்கள் அனுப்பிய முட்டையை மாத வாரியாகப் பல வருஷத்துக்குச் சேர்த்து, சராசரி எடுத்து, ஒரு பெரிய வரைபடம் போட்டு அண்ணனின் அறைச் சுவரில் மாட்டியிருந்தேன். சித்திரையில் பள்ளம். வைகாசியிலும் பள்ளம், கடைசியில் கொஞ்சம் ஏற்றம். ஆனியில் மழை விழுந்ததும் மேடு. குழந்தைக்குக்கூடப் புரியும். கோழியைக் கொடுங்கள், ஆனிக்குத் தயாராகுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர்களின் கூட்டம். அதில் அண்ணன் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை அவர் அந்த வரைபடத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"அம்மிணி, இந்த வருசம் கோழியக் குடுக்க வேண்டாம்னு தோணுது."

"ஏனுங்கண்ணா? எதை வச்சுச் சொல்றீங்க?"

"எதையும் வெச்சுச் சொல்லல. தோணுது."

எனக்குச் சுருக்கென்றது. "நாற்பது குடும்பம் நீங்க சொல்றதக் கேட்டு நடக்கப் போகுது. தோணுதுன்னு சொல்லி அவங்க கையில தீவனச் செலவக் கட்டிவிட முடியுங்களா?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் லாரி ஓட்டுன காலத்துல, வளைவு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே கை தானா கியர மாத்தும். அதுக்கு எந்தக் காயிதத்துல கோடு போட்டாங்க? சொல்லு பாக்கலாம்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கை கியரை மாற்றும் விஷயத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். கை தானாக மாறாது. வளைவுக்கு முன்னால் ஏதோ ஒரு புளியமரம், ஒரு சரிவு, எதிர் வண்டியின் வெளிச்சம், கண் எதையோ பார்த்திருக்கும். பார்த்ததை வாய்க்குச் சொல்லாமலே கைக்குச் சொல்லியிருக்கும். அப்படியானால் இவர் மனசும் எதையோ பார்த்திருக்கிறது. அது என்ன என்று அவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் டீ குடித்துவிட்டு வந்ததும் வேறு மாதிரி கேட்டேன். "அண்ணா, இந்த நினைப்பு எப்போ இருந்து?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் மடக்கப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். "கோழிக்கோட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து."

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். அனுபவசாலி ஒருவர் ‘எனக்குத் தோணுது’ என்றால், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்காதீர்கள். அவரிடம் ஆதாரம் இருக்காது. கேட்டால் வாயை மூடிக்கொள்வார், இல்லையென்றால் கத்துவார். எப்போதிலிருந்து தோன்றுகிறது என்று கேளுங்கள். எங்கே இருந்தபோது, யாரோடு பேசியபோது என்று கேளுங்கள். நீங்கள் தேடுகிற தகவல் அங்கேதான் கிடக்கும்.

இரண்டு வாரம் முன்பு, டிரைவர் ஒருவர் லீவு போட்டதால், அண்ணனே லாரியை எடுத்துக்கொண்டு கோழிக்கோடு போய்வந்திருந்தார். அங்கே எங்கள் முட்டையை வாங்குபவர் ஹம்சா. பெரிய மொத்த வியாபாரி. கெட்டிக்காரர். ஒரு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாரு? ‘வெயிலல்லே அண்ணா, கச்சவடம் ஒண்ணுமில்லா’ன்னு அழுதாரு. ஏவாரமே இல்லையாமா."

"அப்புறம் ஏன் உங்களுக்கு இப்படித் தோணுச்சு?"

அவர் யோசித்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஏவாரமே இல்லை என்று அழுத மனிதர் அன்றைக்கு விலையில் பேரமே பேசவில்லை. பிரியாணி வாங்கிப் போட்டார். முட்டை அடுக்குகிற காலி அட்டைகளை எப்போதும் லாரியிலேயே திருப்பி ஏற்றிவிடுபவர், இந்த முறை இங்கேயே கிடக்கட்டும், அப்புறம் தருகிறேன் என்றார்.

"இன்னும் யோசிங்கண்ணா. கடைக்கு வெளியே?"

"வெளிய என்ன… அந்தத் தெருவே ஈரமாக் கெடந்துச்சு. ஊட்டுக்கு ஊடு கட்டிலு, பெஞ்சு, பலவை, பாயி எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. நாமெல்லாம் பொங்கலுக்கு முந்தி பண்ற மாதிரி. டீ குடிக்க உக்கார எடமில்ல, நின்னுக்கிட்டே குடிச்சேன்."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா அப்படித்தான் வீட்டைத் தலைகீழாக்குவாள். "அங்கே என்னங்கண்ணா பண்டிகை வருது?"

"அதையுங் கேட்டேன். நோம்பு வருதுன்னாங்க. நம்ம ஊருல நோம்பின்னா பண்டிகைதானே? எந்தச் சாமிக்குன்னு கேட்டுப்போட்டேன். எல்லாருஞ் சிரிச்சுட்டாங்க. அவிய சொன்னது ரம்ஜான் நோம்பு. பட்டினி கெடக்கற மாசம். அதுல என்ன முட்டை ஓடும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தில் கோட்டயம் பக்கம் முட்டை விற்பனை சரிவதைக் கணக்கில் கண்கூடாகப் பார்த்தவள் நான். நோன்பு என்றால் விற்பனை குறையும் என்று இரண்டு பேரும் ஒரே பக்கம் தலையாட்டினோம். ஆனால் பட்டினி கிடக்கப் போகிறவர்கள் பேரம் பேசாமல் ஏன் வாங்க வேண்டும்? நிறைய முட்டை அடுக்கப் போவது போல அட்டைகளை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

அன்று மாலை சேலம் பஸ்ஸில் ஊர் வந்ததும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. கோட்டையில் என் முஸ்லிம் பள்ளித் தோழியின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அவள் அம்மாவிடம் கேட்டேன். "நோன்பு மாசத்துல வீட்டுல சமையல் செலவு குறையுங்களா அத்தை?"

அத்தை வெடித்துச் சிரித்தார். "குறையறதா? பகல் பூரா பட்டினி கிடந்த வாய்க்கு, சாயங்காலம் என்னத்தைப் போட்டாலும் பத்தாது. சமோசா, கஞ்சி, முட்டை வச்சு ஒண்ணு, கறி வச்சு ஒண்ணு. வர்றவங்க போறவங்களுக்கும் கொடுக்கணும். மலபார் பக்கம் கேக்கவே வேணாம். என் தங்கச்சிய அங்கேதான் கொடுத்திருக்கு. முட்டை இல்லாம அவங்களுக்குப் பலகாரமே கிடையாது."

"நோன்பு எந்த மாசம் வரும்னு எப்படிக் கணக்கு வச்சிருக்கீங்க?"

"பிறையைப் பார்த்துத்தான். வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால வந்துக்கிட்டே இருக்கும். எனக்குக் கல்யாணமான புதுசுல பனியில நோன்பு வச்சேன். அப்புறம் மழையில வச்சேன். இப்போ வெயில்ல வைக்கப் போறேன்."

மறுநாள் முதல் பஸ். அண்ணன் வருவதற்கு முன்பே சுவரிலிருந்த என் வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்துவிட்டேன். அதில் எல்லா ஊரும் ஒரே கோடு, எல்லா வருஷமும் ஒரே சராசரி. லோடு போன தேதிகளை வைத்து அதைப் பிரித்தேன். ஊர் ஊராக, வருஷம் வருஷமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். திருச்சூர் கோடு, கோட்டயம் கோடு, இரண்டும் எல்லா வருஷமும் மழையோடுதான் ஏறின. கோழிக்கோட்டுக் கோடு மட்டும் தனியாக ஓர் ஆட்டம் ஆடியது. முன்பு ஆனியில் ஏறியது. அப்புறம் வைகாசிக் கடைசி. அதற்கப்புறம் வைகாசி நடு, வைகாசித் தொடக்கம், சித்திரைக் கடைசி. போன வருஷம் சித்திரை நடுவிலேயே ஏற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் படி இறங்கி முன்னால் வந்துகொண்டிருந்தது. கோடை மழை கொஞ்சம் முந்திவிட்டது என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டது அதைத்தான். மழை ஒரே ஓர் ஊருக்கு மட்டும் வருஷா வருஷம் முந்துமா?

அண்ணன் வந்தார். பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு கலராகத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் மேசையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். "நாஞ் சொன்னேன்ல!"

"நீங்க சொன்னது பாதிங்கண்ணா."

"சரி, பாதின்னே வெச்சுக்கோ. ஒரு கோழியும் வெளிய போகக் கூடாது. அடுத்தவிய குடுக்கற கோழியையும் நாம வாங்கிப்போடலாம்!"

மனசுக்கு ஒருமுறை ஜெயித்த ருசி தெரிந்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. நூறு கோழிக்கு நாளுக்கு எத்தனை முட்டை என்ற பண்ணைகளின் சதவீதக் கணக்கை எடுத்து முன்னால் வைத்தேன். இளம் கோழிகள் வெயிலிலும் தாக்குப்பிடித்து முட்டையிடும். வயதான கோழிகள் அப்போதே பாதிக்கும் கீழே போய்விட்டன. என்ன விலை வந்தாலும் அவை தின்னும் தீவனத்துக்குக் கட்டாது. வெயில் ஏறினால் முதலில் சாவதும் அவைதான்.

"வயசான கோழி போகட்டும். இளங்கோழி மட்டும் இருக்கட்டும். கோழிக்கோட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான்."

அவர் முகம் சுருங்கியது. ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். "சரி. நீ சொல்றதும் நாயந்தான்" என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். தன் பக்கம் காற்று அடிக்கும்போதும் காது கொடுத்துக் கேட்பார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் சுலபமாக இல்லை. கறிக்கார லாரிகள் மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்தன. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் சலசலப்பு எழுந்தது. "மூணு ஜில்லாவும் கோழியத் தள்ளுது, நாம மட்டும் வெச்சுக்கிட்டு ஒக்காரறதா?" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே இன்னும் சிலர்.

திருச்செங்கோடு போகும் வழியில் பண்ணை வைத்திருந்த பாவாயி அக்கா மட்டும் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தோட்டம், கோழி, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றையும் தனியாளாக நடத்துகிறவர். பாங்கிக் கடனில் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். முழுக்க இளங்கோழி. அவர் அண்ணனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"கண்ணு, கோடு கீடு எல்லாம் எனக்கு வேண்டாம். அது உன்ற கோழியா இருந்தா வெச்சிருப்பியா?"

கூட்டம் முழுதும் என்னைப் பார்த்தது. கணக்கு போடுகிற நமக்கு இந்தக் கேள்வி போலப் பயமானது எதுவும் இல்லை. தாளில் எழுதுவது வேறு, ஒரு மனுஷியின் கொட்டகையைப் பணயம் வைப்பது வேறு. ஹம்சா பேரம் பேசாததை நினைத்தேன். கழுவிப் போட்ட பெஞ்சுகளை நினைத்தேன். படி இறங்கி வரும் அந்தக் கோட்டையும் நினைத்தேன். மூன்றும் ஒரே திசையைக் காட்டின.

"வச்சிருப்பேங்கக்கா. இளங்கோழிய ஒண்ணுகூட கொடுக்க மாட்டேன். கிழக்கோழி எல்லாத்தையும் இன்னைக்கே கொடுத்துடுவேன்."

"அப்பச் சரி. நான் வாரேன், கோழிக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்துவிட்டார். அவர் எழுந்ததைப் பார்த்துப் பாதிப் பேருக்கு மேல் எங்களோடு நின்றார்கள்.

முடிவெடுத்ததோடு வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதற்கப்புறம் காத்திருப்பது என்று ஒன்று இருக்கிறது. விலை இன்னும் விழுந்தது. வெயில் கொளுத்தியது. பண்ணைகளில் சாக்கை நனைத்துக் கொட்டகையைச் சுற்றித் தொங்கவிட்டு, ஓட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பாவாயி அக்காவின் பண்ணையில் ஒரே மதியத்தில் ஒரு கூடைக் கோழி சுருண்டு விழுந்தது. கேள்விப்பட்டு நான் போனபோது, அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கையில் இன்னொரு ஈரச் சாக்கைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து கட்டினோம்.

மறுநாள் கறிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்தார். முன்பு சொன்னதைவிடக் குறைத்து ஒரு விலை சொல்லி, இதுதான் கடைசி லாரி என்றார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அம்மிணி, எனக்கு மனசே செரியில்ல. இருக்கறதையாவது குடுத்துப்போடலாமா? ஊரு பாவம் நமக்கெதுக்கு?"

போன வாரம் மேசையைக் குத்திய அதே மனசு. இந்த முறையும் கேட்டேன், எப்போதிலிருந்து என்று. முந்தின நாள் டீக்கடையில் நாலு பேர் சிரித்ததிலிருந்து என்றார். இது வேறு ரகம். கோழிக்கோட்டுத் தெருவைக் கண் பார்த்து வந்தது ஒன்று. பயம் பார்த்து வருவது இன்னொன்று. இரண்டும் ‘தோணுது’ என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

நான் கலர்க் கோடுகளை மறுபடி விரித்தேன். "இங்க பாருங்கண்ணா. எந்த வருஷமும் நோன்புக்கு ரெண்டு மூணு நாள் முன்னால வரைக்கும் கோழிக்கோடு அசையவே இல்ல. படுத்தே கிடந்திருக்கு. இப்பவும் அப்படித்தான் கிடக்கணும். இன்னைக்கு ஏறியிருந்தாத்தான் நான் பயப்படுவேன். பிறை தெரியும் வரைக்கும் கோழி இருக்கட்டும்."

அவர் அந்தப் படுத்துக் கிடக்கும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய், "இல்லீங்க, நாங்க குடுக்கலீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுப்போட்டுப் போங்க" என்று கறிக்காரரை மரியாதையாக அனுப்பிவைத்தார்.

நாலாம் நாள் காலை டிரங்க் கால் வந்தது. அண்ணன் எடுத்தார். எதிர்ப் பக்கம் ஹம்சாவின் குரல் எனக்கே கேட்டது. வழக்கமாக வாரத்துக்கு ஒரு லாரி கேட்பவர், உடனே நாலு லாரி வேண்டும் என்றார். அப்புறம் நோன்பு முடியும் வரை நிற்காமல் வர வேண்டும். மற்ற ஊர்களில் கேட்டுப் பார்த்துவிட்டாராம். எல்லோரும் கோழியைக் கறிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"எந்தா வில?" என்று கேட்டார் ஹம்சா.

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் இரண்டும் ஜொலித்தன. "அம்மிணி, எவ்வளவு சொல்லட்டும்?"

என் தாள்களில் அதற்கு விடை இல்லை. அப்படி ஒரு சித்திரையை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. "அது எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஹம்சாவைத் தெரிஞ்சவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு நான் நினைத்ததைவிடக் குறைவாக, பண்ணைக்காரர்கள் கனவு கண்டதைவிட அதிகமாக ஒரு விலை சொன்னார். எதிர்ப் பக்கம் ஹம்சா யாரையோ கூப்பிட்டு ஏதோ கணக்குக் கேட்டார். பிறகு, "செரி அண்ணா, லோடு விடுங்கோ!"

"இன்னும் ஏத்திச் சொல்லியிருக்கலாமே?" என்றேன் போனை வைத்ததும்.

"சொல்லியிருக்கலாம். அவரும் குடுத்திருப்பாரு. மனசுல வெச்சுக்குவாரு. அடுத்த வருசமும் அவருகூட ஏவாரம் பண்ணோணும் அம்மிணி."

அன்று எங்கள் வாசலில் நடந்தது திருவிழா. பண்ணைகளிலிருந்து டெம்போவிலும் மாட்டு வண்டியிலும் முட்டை வந்து இறங்கியது. லாரி இருந்தது, நாலாவது லாரிக்கு டிரைவர் இல்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். பாவாயி அக்கா தன் பண்ணை முட்டையோடு வந்தவர், லாரி கிளம்பும் வரை நின்றார். "சாமி, பார்த்து ஓட்டுங்க, என்ற கடன் உள்ளே இருக்குது!" என்று அவர் கத்த, அத்தனை பேரும் சிரித்தோம்.

அந்த மாதம் முழுவதும் எங்கள் லாரிகள் நிற்கவில்லை. பாவாயி அக்கா கொட்டகைக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார். கூட்டத்திலிருந்து எழுந்து போன பண்ணைக்காரர் வந்து, அடுத்த முறை தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் அன்றோடு ஒரு பழக்கம் கொண்டுவந்தார். பெரிய முடிவு எதுவானாலும் அவர் தனக்குத் தோன்றுவதை முதலில் சொல்வார். நான் என் கணக்கைச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால், எதையாவது விட்டுவிட்டோமா என்று இன்னொரு முறை பார்ப்போம். முட்டிக்கொண்டால், ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டோம். நான் ஓய்வுபெறும் வரை அது மாறவில்லை. நீங்களும் இங்கே அதைச் செய்யுங்கள்.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில், யாரும் எதிர்பாராமல் ஹம்சா நாமக்கல்லுக்கு வந்தார். கையில் பெரிய அல்வாப் பொட்டலம். உட்கார்ந்ததும் கேட்டார். "அண்ணா, சத்தியம் பறையணும். ஞான் ஒரு வாக்கு மிண்டியில்லா. நிங்களுக்கு எப்படி மனசிலாச்சு?"

தான் ஒரு வார்த்தைகூட வெளியே விடாதபோது எங்களுக்கு எப்படிப் புரிந்தது என்பதுதான் அவர் கேள்வி. அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "கேளுங்க, அம்மிணிகிட்டயே கேளுங்க."

நான் கலர்க் கோடுகளை அவர் முன் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எது கோழிக்கோடு என்று நான் காட்டுவதற்கு முன்பே அவர் விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஏவாரம் இல்லை என்று வருஷா வருஷம் அழுத அந்த மனிதர், வாய்விட்டுச் சிரித்தார்.

"இனி ஒளிக்கான் ஒண்ணுமில்லா" என்றார். "பென்சில் தா மோளே."

நான் ஒரு புதுத் தாளை எடுத்துப் போட்டு, பச்சைப் பென்சிலை நீட்டினேன். அடுத்த வருஷத்துக் கோழிக்கோட்டுக் கோட்டின் முதல் புள்ளியை, நோன்பு பிறக்கப் போகும் பங்குனிக் கடைசியில், ஹம்சாவே தன் கையால் வைத்தார்.